எடை குறைந்தது, வாந்தி நிற்கவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு ஸ்லீவ் முறையில் (இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுவது) எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை 89 ஆகிவிட்டது, ஆனால் நான்கு வாரங்களாக அதற்குக் கீழே இறங்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நாத்தனார் வீட்டுத் திருமணத்தில் பாயசமும் ஜிலேபியும் கொஞ்சம் சாப்பிட்டேன். சிறிது நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வந்து மண்டப அறையில் படுத்துவிட்டேன். கன்னம் ஒட்டி நோயாளி போல் இருப்பதாகப் பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக இருந்த சர்க்கரை நோய் குணமாகிவிட்டதா? இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாமா? மதியச் சாப்பாடு வாரத்தில் நான்கைந்து நாள் வாந்தியாகிறது, அது பழகிவிட்டது. குமட்டியதால் சத்து மாத்திரைகளை இரண்டு மாதங்களாக நிறுத்திவிட்டேன். இரண்டு வாரங்களாகப் பாதங்களில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது.
– ஈரோடு வாசகி

மருத்துவர் பதில்:

முடியும் முகமும் உங்களுக்குப் பெரிய கவலையாக இருப்பது புரிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று வரிகள்தான் என்னைக் கலவரப்படுத்தின. வாந்தி, நிறுத்திய மாத்திரை, பாதத்தில் எறும்பு ஊர்தல் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால், இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லும்படி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வைட்டமின் பி1, அதாவது தயமின், நம் உடலில் அதிகம் சேமித்து வைக்கப்படுவதில்லை. உள்ளே வருவது நின்றால் இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். சாப்பிடும் அளவே மிகவும் குறைந்துபோன ஒருவர், அதிலும் பாதியை வாந்தியாக இழந்து, சத்து மாத்திரையையும் நிறுத்தியிருந்தால், முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் இந்தச் சத்துதான். பாதத்தில் தொடங்கும் மதமதப்பு அதன் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை இரட்டையாகத் தெரிதல், நடக்கும்போது தள்ளாட்டம், மனக்குழப்பம் என்று மூளை வரை சென்று, சிலருக்கு நினைவாற்றல் மீளாமலேயே போய்விடும். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியிருந்த மக்களை ஒரு காலத்தில் வாட்டிய பெரிபெரி நோயும் இதே குறைபாட்டால் வந்ததுதான். ஐதராபாத்தில் இன்று இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே, 1918இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரியை ஆராய்வதற்காகத் தொடங்கப்பட்டதுதான். ஒழிந்துபோனதாக நாம் நினைத்த அந்த நோய், இப்போது அறுவை சிகிச்சைக் கூடத்தின் பின்வாசல் வழியாக எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று ஆபத்தாக முடியக்கூடும். வாந்தி எடுத்துச் சோர்ந்துபோனவர் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பதும், அவர்களும் ஏற்றி அனுப்புவதும் இங்கே சாதாரணம். குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்கத் தயமின் தேவை. தயமின் ஏற்கெனவே காலியாக இருக்கும் உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியும் செலவாகி நிலைமை ஒரே நாளில் மோசமாகலாம். ஆகவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ஸ்லீவ் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதையும், வாரக்கணக்கில் வாந்தி இருப்பதையும் வாய்திறந்து சொல்லி, குளுக்கோஸுக்கு முன்பாகத் தயமின் ஊசி போடச் சொல்லுங்கள். இந்த நிலையில் மாத்திரை போதாது, ஊசி வழியாகவே செலுத்த வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

மதமதப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆறு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை எடுத்திருந்தால், அந்த மருந்தே பி12 அளவைக் குறைத்திருக்கக்கூடும். சர்க்கரை நோயும் நரம்பைப் பாதித்திருக்கலாம். பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, கால்சியம், இரத்த அணுக்கள், கல்லீரல் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் 3, 6, 12 மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் செய்ய வேண்டிய பரிசோதனைகள்தாம் இவை. உங்கள் 3ஆம் மாதப் பரிசோதனை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாததால், அது தவறிப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி வாந்திக்கு வருவோம். ஐந்தாம் மாதத்தில் வாரம் நான்கு நாள் வாந்தி என்பது இந்தச் சிகிச்சையின் இயல்பான பின்விளைவு அல்ல. அதைப் பழக்கிக்கொள்ளவும் கூடாது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, இப்போது வாழைப்பழ வடிவில் ஒரு குழல்தான் இருக்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு காபி டம்ளர். பள்ளியில் மதிய இடைவேளை எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆசிரியர்கள் சாப்பிடும் வேகம் எனக்குத் தெரியும். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று குழைந்த சோற்றை உருண்டையாக விழுங்கி, மேலே தண்ணீரும் குடித்தால், அந்தக் குழலுக்குள் இடம் இருக்காது. நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தது போல் அழுத்தி, வாயில் உமிழ்நீர் சுரந்துகொண்டே இருந்து, பிறகு நுரை நுரையாக வெளியே வரும். உங்களுக்கும் இப்படித்தான் வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் முதலில் மாற வேண்டியது சாப்பிடும் விதம். பெரிய கரண்டியை ஒதுக்கிவிட்டுத் தேக்கரண்டியால் சாப்பிடுங்கள். ஒரு வாய் முழுவதும் கூழாகி இறங்கிய பிறகே அடுத்த வாய். ஓர் இட்லிக்கு இருபது நிமிடம் ஆகலாம், ஆகட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். முடித்து அரைமணி நேரம் கழித்து, மிடறு மிடறாக நாள் முழுவதும் குடித்து ஒன்றரை லிட்டரையாவது எட்டுங்கள். குழைந்த வெள்ளைச்சோறு, பரோட்டா, பிரெட், உலர்ந்த கோழித்துண்டு ஆகியவை பலருக்கும் சிக்கிக்கொள்கின்றன. "போதும்" என்ற உணர்வு சிலருக்கு வயிற்றில் வராமல், ஒரு விக்கலாகவோ மூக்கில் நீர் ஒழுகுவதாகவோ வருவதுண்டு. உங்கள் உடல் எதைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் அத்தனையும் வெளியே வரும்.

இவற்றைச் செய்தும் நிற்கவில்லை என்றாலோ, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, குழல் எங்காவது குறுகியிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். குறுகியிருந்தால் பெரும்பாலும் பலூன் கொண்டு விரிக்க முடியும். வலது விலா எலும்புக்குக் கீழே வலி இருந்தால் பித்தப்பைக் கல்லையும் சந்தேகிக்க வேண்டும். எடை வேகமாகக் குறையும் மாதங்களில் கல் உருவாவது அதிகம். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: 34 வயதுப் பெண்ணுக்கு வாந்தி என்றால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். எடை குறையும்போது, முன்பு ஒழுங்கற்றிருந்த மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

முடி கொட்டுவதைப் பற்றி. அறுவை சிகிச்சை, வேகமான எடை இழப்பு போன்ற அதிர்ச்சிகளுக்குப் பிறகு, ஏராளமான முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குச் சென்று, மூன்றாம் மாதம் முதல் முடியை உதிர்க்கின்றன. வேர் சாகாததால், ஊட்டம் சரியாக இருந்தால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் இங்கே ஊட்டம் சரியாக இல்லை. காலையில் ஓர் இட்லி, மதியம் நாலு கரண்டி ரசஞ்சோறு, மாலையில் காபி பிஸ்கட், இரவில் அரைத் தோசை என்ற அளவில் நாள் ஓடினால் (பலருக்கு அப்படித்தான் ஓடுகிறது) புரதம் இருபது கிராமைத் தொடுவதே கடினம். உங்களுக்குத் தேவை குறைந்தது 60 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஐம்பது கிராம் பன்னீரில் 9, சிறு கிண்ணம் சுண்டலில் 8, குழம்பில் வேகவைத்த இரண்டு துண்டு மீனில் 15 முதல் 20 கிராம் கிடைக்கும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிச்சமிருந்தால் சோறு என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். சோற்றைச் சுற்றியே மற்றதை வைத்துப் பழகிய நமக்கு இதுதான் பெரிய கஷ்டம். எட்டாத பங்கை உங்கள் உணவியல் நிபுணர் சொல்லும் புரதப் பவுடரால் நிரப்பலாம். விளம்பரம் பார்த்து, முடிக்காக விற்கும் பயோட்டின் என்ற வைட்டமினை வாங்காதீர்கள். அதன் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் இருப்பதற்கு ஆதாரம் குறைவு. தைராய்டு பரிசோதனை முடிவுகளையும் அது குழப்பிவிடும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. குமட்டினால் நிறுத்தக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும். மென்று தின்னும் வகையோ திரவமோ கேளுங்கள்; பி12ஐ மாதம் ஒரு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். கால்சியத்தில் சிட்ரேட் வகையே உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் அது கரைய இரைப்பை அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை. அதையும் இரும்புச்சத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடு போடுவதும் வீண்தான்.

திருமண மண்டபத்தில் நடந்ததற்கு டம்பிங் என்று பெயர். இரைப்பை பையாக இருந்தபோது சர்க்கரையைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாகக் குடலுக்கு விட்டது. குழலாகிவிட்ட இரைப்பையிலிருந்து அது சீக்கிரமாக இறங்கிவிடுகிறது. அடர்ந்த சர்க்கரையைக் கரைப்பதற்காகக் குடலுக்குள் நீர் பாய்வதாலும், சில ஹார்மோன்கள் திடீரென்று சுரப்பதாலும் பத்து முதல் முப்பது நிமிடங்களில் படபடப்பும் வியர்வையும் வருகின்றன. எடைக் குறைப்புக்கான இன்னொரு முறையான இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரும். இதே தொல்லை சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வந்தால், அது இரத்தச் சர்க்கரை தாழ்வதால் இருக்கலாம். அப்போது குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை நான்கு வாரம் நிற்பதற்கு நான் கவலைப்படவில்லை. ஐந்து மாதத்தில் 23 கிலோ நல்ல குறைவு. குறைவு எப்போதும் படிக்கட்டு போலத்தான் இருக்கும். வாரம் ஒரு நாள் எடை பார்த்தால் போதும். இதற்காகச் சாப்பாட்டை இன்னும் குறைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், தணிந்திருக்கிறது என்பதே சரி. பலருக்கு ஆண்டுக்கணக்கில் தணிந்தே இருக்கும், சிலருக்குத் திரும்பும். கண் பரிசோதனையை ஆண்டுதோறும் தொடருங்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரை இன்னும் கையில் இருந்தால், இவ்வளவு குறைவாகச் சாப்பிடும் நிலையில் அது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்திவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

"கன்னம் ஒட்டிப்போச்சு" என்பவர்களில் பலர் முன்பு "இவ்வளவு குண்டாகிவிட்டாயே" என்று சொன்னவர்களாகவும் இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் அறுவை சிகிச்சையை விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. பந்தியில் வற்புறுத்தினால், "வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அளவாகத்தான் சாப்பிட வேண்டும்" என்ற ஒரு வரி போதும், அது உண்மையும்கூட. இதையெல்லாம் தாண்டி, மனம் எதிலும் ஒட்டாமல் நாள்கள் கழிந்தாலோ, வாழ்வதே அலுப்பாகத் தோன்றினாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மனச்சோர்வு கூடுவதைப் பார்க்கிறோம். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழில் பேசலாம்.

இரண்டாவது குழந்தைக்கு இப்போது வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து 12 முதல் 18 மாதங்கள் ஆகி, எடை நிலைபெற்று, இரத்தத்தில் சத்துகள் சரியான பிறகு முயற்சி செய்யுங்கள். வாந்தி எடுக்கும் நாள்களில் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, எனவே ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்தலாம். காப்பர்-டியால் மாதவிடாய்ப் போக்கு அதிகரித்தால் இரும்புச்சத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கருத்தரித்த பிறகு முதல் முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போதே அறுவை சிகிச்சையைப் பற்றியும், முன்பிருந்த சர்க்கரை நோயைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பது வழக்கம். அந்த ஒரு டம்ளர் உங்களை மண்டபத்தில் படுக்கவைத்த பாயசத்தைவிட மோசமாகப் படுத்திவிடும் என்பதால், அதற்குப் பதிலாக வீட்டிலேயே சில நாள்கள் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவரலாமா என்று கேளுங்கள்.