ஆபரேஷன் பண்ணிக்கிட்டா வி.ஏ ரேட்டிங் குறைஞ்சிடுமா?

அமெரிக்க ஆர்மில இருந்து வந்தவருக்கு முழங்கால் ஆபரேஷன் சொல்லியிருக்காங்க, பண்ணா வி.ஏ ரேட்டிங் (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, உடம்புல எவ்ளோ பாதிப்புன்னு பர்சென்ட்ல போடற கணக்கு, அதை வச்சுதான் மாச உதவித்தொகை) போயிடுமானு கேட்டிருக்கீங்க. குறையலாம், அப்படியே இருக்கலாம், ஏறவும் செய்யலாம். எனக்குக் குறைஞ்சது.

நான் மாவ்னி திட்டத்துல (குடியுரிமை இல்லாதவங்களையும் மொழி மாதிரி திறமைக்காக அமெரிக்க ஆர்மில எடுத்த திட்டம்) 2010ல சேந்தவன், தமிழ் தெரியும்னு எடுத்தாங்க (அங்க தமிழ் பேசுனது என்னவோ அம்மாகிட்ட போன்ல மட்டும்தான்). மூட்டை தூக்கிட்டு நடந்து நடந்து முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு, அடிக்கடி லாக் ஆகும், வீங்கும். 2014ல வெளிய வந்தப்போ அதுக்கு 20 பர்சென்ட் குடுத்தாங்க. 2017ல கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்தாங்க. இங்கதான் விஷயமே. ரேட்டிங் அட்டவணைல கிழிஞ்ச ஜவ்வு உள்ள இருந்து லாக் ஆனா கோட் 5258, 20 பர்சென்ட், அதை எடுத்த பிறகு தொந்தரவு மிச்சமிருந்தா கோட் 5259, வெறும் 10. ஆபரேஷனுக்காக யாரும் குறைக்கறதில்ல, அதுக்கப்புறம் கால் எப்படி இருக்குங்கறதுதான் கணக்கு.

ரெஸ்ட் எடுக்கற காலத்துக்கு தற்காலிகமா 100 பர்சென்ட் கேக்கலாம், ஆனா குறைஞ்சது ஒரு மாசமாவது ரெஸ்ட் தேவைனு டாக்டர் எழுதிக் குடுக்கணும், நாமளா அப்ளை பண்ணனும். முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்னா கதை வேற, பழைய ஆளுங்க ஒரு வருஷம் 100 வரும்பாங்க, 2021 பிப்ரவரில மாத்திட்டாங்க, இப்போ முதல் மாச ரெஸ்டுக்கு மேல நாலு மாசம்தான். அதுக்கப்புறம் 30க்குக் கீழ போகாது. 10, 20 வாங்கிட்டிருந்தவருக்கு அது ஏத்தம்தானே.

நான் பண்ண தப்பு ரெண்டு. ஆபரேஷனுக்கப்புறம் வி.ஏ பண்ண செக்கப்புல காலை மடக்கச் சொன்னப்ப வீராப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசா மடக்கிக் காட்டுனேன், வலிக்குதுன்னு வாயைத் திறக்கல. குறைக்கப் போறோம்னு வந்த லெட்டரையும் அப்புறம் பாத்துக்கலாம்னு ட்ராயர்ல போட்டுட்டேன். அதுக்குப் பதில் ஆதாரம் குடுக்க 60 நாள் இருக்கு, நேர்ல பேசணும்னா 30 நாளுக்குள்ள கேக்கணும்.

அவரு ரேட்டிங் எத்தனை வருஷமா அதே அளவுல இருக்குன்னு முதல்ல பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ஒரே ஒரு செக்கப்பை வச்சு லேசுல குறைக்க முடியாது, 20 வருஷம்னா மோசடி இருந்தாலொழிய தொடவே முடியாது. எனக்கு மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

கால் இப்போ லாக் ஆகறதில்ல, மாடிப்படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன்.