கேள்வி–பதில்: வெளிநாட்டில் படிக்கப் போகும் யூத இளைஞர்களுக்குப் பணம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: இங்கே ஒரு கல்லூரியில் மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யூத மாணவர்கள் பலருக்கு இஸ்ரேலில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசை. ‘யூதர்களுக்கான ஸ்காலர்ஷிப்’ என்று தேடி, கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறார்கள். ஒன்றும் தேறுவதில்லை. எங்கிருந்து தொடங்கச் சொல்லலாம்?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மதத்தை வைத்துத் தேடுவதற்கு முன் கல்லூரிப் பணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் மாணவர் உதவிக்கான விண்ணப்பம்) படிவம் போட்டிருந்து, அங்கே எடுக்கும் பாடங்கள் இங்குள்ள பட்டத்தில் சேரும் என்றால், பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும், திருப்பித் தர வேண்டாத உதவி), அரசுக் கடன் இரண்டையும் அந்த செமஸ்டருக்குப் பயன்படுத்தலாம். அதற்குக் கல்லூரி முன்கூட்டியே அனுமதி தந்து, இரு நிறுவனங்களும் எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் பணம் நகராது. முழுப் பட்டத்தையும் வெளிநாட்டிலேயே படிப்பவர்களுக்கு பெல் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்க அரசின் கடன் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கடன் மட்டும் கிடைக்கும்.

பெல் வாங்கும் மாணவர் அடுத்து, வெளிநாட்டுப் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் கில்மன் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 5,000 டாலர் வரை தருகிறார்கள், மதம் கேட்பதில்லை. எந்த நாட்டுக்குப் போகிறார், அந்நாட்டுக்கு அரசின் பயண எச்சரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

யூதச் சமூக நிதி இதற்குப் பிறகுதான் வரும். ஒரே பெரிய உண்டியலாக அதை நினைக்காதீர்கள். யாரோ ஒருவர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவைத்த சிறு சிறு அறக்கட்டளைகள் அவை. அதனால் மாணவரின் வீட்டு முகவரி எந்த ஜூயிஷ் ஃபெடரேஷன் (அந்தந்தப் பகுதி யூதச் சமூக நல அமைப்பு) எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து, அந்த அலுவலகத்துக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுவது நூறு விண்ணப்பங்களைவிடப் பலன் தரும். கல்லூரியில் யூத மாணவர் அமைப்பான ஹில்லெலின் கிளை இருந்தால் அங்கும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாணவிக்கு 5,000 டாலர் வெளி ஸ்காலர்ஷிப் வந்ததும் கல்லூரி தன் உதவியைக் குறைத்துவிட்டது. இது நியாயமா?
— அதே வாசகி

பதில்: மனதை நோகடிக்கும் விஷயம்தான், ஆனால் தவிர்க்க வழி உண்டு. மொத்த உதவி, கல்லூரி கணக்கிட்ட படிப்புச் செலவைத் தாண்டக் கூடாது என்பது விதி. செலவு 30,000 என்று போட்டு, 27,000 உதவி ஏற்கெனவே இருந்தால், புதிய 5,000 வந்ததும் 2,000 அதிகமாகிறது. அதைத்தான் வெட்டுகிறார்கள். உள்ளூர் செமஸ்டருக்கான அதே செலவுக் கணக்கை வெளிநாட்டுப் படிப்புக்கும் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வரும். விமான டிக்கெட், விசா, காப்பீடு, அங்குள்ள வாடகை ஆகியவற்றின் மதிப்பீட்டைக் கொடுத்துச் செலவுக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள். அப்படியும் வெட்டினால், முதலில் கடனைக் குறையுங்கள், கிராண்டைத் தொடாதீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் ஒப்புக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு.

கேள்வி: யூதர்கள் வட்டியில்லாக் கடன் தருவார்களாமே?
— வாசகர், டொராண்டோ

பதில்: உண்மைதான். ஏழைக்கு வட்டிக்குக் கொடுக்காதே என்று யூத வேதமான தோரா இடும் கட்டளையிலிருந்து வந்த பழக்கம். நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892 முதல் இயங்குகிறது, யூதரல்லாதவர்களுக்கும் கொடுக்கிறது. அட்லாண்டாவில் உள்ள ஜெல்ஃப் என்ற கல்விக் கடன் நிதி, ஃப்ளோரிடா, ஜார்ஜியா, இரு கரோலினாக்கள், வர்ஜினியா ஆகிய ஐந்து மாநில யூத மாணவர்களுக்கானது. மற்ற உதவியெல்லாம் போக மிச்சமிருக்கும் பள்ளத்தை மட்டும் அடைக்கிறது. இத்தகைய சங்கங்களில் விண்ணப்பம் பெரும்பாலும் ஜாமீன்தாரரிடம்தான் சிக்கும். நல்ல கடன் வரலாறு உள்ளவரை, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு பெனே இஸ்ரேல் (மகாராஷ்டிர யூதப் பிரிவு) குடும்பத்துப் பெண் இஸ்ரேலில் படிக்க விரும்புகிறாள். இந்தியாவில் சிறுபான்மையினர் உதவித்தொகை கிடைக்குமா?
— வாசகி, தானே

பதில்: மத்திய அரசின் சிறுபான்மையினர் பட்டியலில் யூதர் இல்லை. மகாராஷ்டிரம் 2016இல் மாநில அளவில் அந்தத் தகுதியைத் தந்தது. ஆகவே மாநிலத் திட்டங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இஸ்ரேல் பக்கத்தில் இரண்டு பாதைகள். ஒன்று மாசா. பிற நாட்டு யூத இளைஞர்கள் இஸ்ரேலுக்கு வந்து சில காலம் தங்கிப் படிக்க, 2004இல் இஸ்ரேல் அரசும் யூத முகமை (ஜூயிஷ் ஏஜென்சி) என்ற அமைப்பும் தொடங்கிய திட்டம். யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உரிமை தரும் ‘திரும்பும் உரிமைச் சட்டத்தின்’படி தகுதியுள்ளவர்களுக்கு, அதாவது தாத்தாவோ பாட்டியோ ஒருவர் யூதராக இருந்தாலும், அதன் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு உதவி தருகிறது. இரண்டாவது, இஸ்ரேலில் குடியேறிய பிறகு அந்நாட்டு அரசின் மாணவர் ஆணையம் கல்விக் கட்டணத்தை ஏற்பது. இளநிலைக்கு 27 வயதுக்குள், முதுநிலைக்கு 30க்குள், குடியேறி 36 மாதங்களுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும். குடியேறிவிட்டால் மாசா பாதை பொதுவாக மூடிவிடும். எனவே ‘முதலில் போய்ப் பார்க்கிறேன்’ என்ற எண்ணம் இருந்தால் குடியுரிமைக்கு அவசரப்படக் கூடாது.

பெரும்பாலும் தாமதமாவது ஆவணங்களால்தான். யூதர் என்பதற்குச் சான்றாகத் தரும் ஜெப ஆலயக் கடிதம் அந்த ஆலயத்தின் சொந்தக் கடிதத்தாளில், மையால் இட்ட கையெழுத்துடன், தொடர்பு எண்ணுடன் இருக்க வேண்டும். மாணவி, தாய், தந்தை பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெனே இஸ்ரேல் வீடுகளில் இதைக் கூர்ந்து பாருங்கள். ஜெப ஆலயப் பதிவேட்டில் ஹீப்ரூப் பெயர் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் மராத்திப் பெயர் இருக்கும், பென்கர் போல ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் ஒரு தாளில் இருந்து இன்னொன்றில் விடுபட்டிருக்கும். இரண்டும் ஒருவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பெற்றோரின் கெத்துபா, அதாவது திருமண ஒப்பந்தப் பத்திரம் வீட்டில் இருந்தால், அதுவும் பெரிய துணை. பிறப்புச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் என்ற முத்திரை). இந்த வரிசை மாறினால் தாள் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் யூத மாணவர்களுக்கு?
— வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: எர்ன்ஸ்ட் லுட்விக் எர்லிச் நிதியம். ஜெர்மன் அரசுப் பணத்தில் இயங்கும் 13 திறமை ஊக்க நிதியங்களில் ஒன்று. குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், தேர்வானவருக்குப் படிப்புச் செலவாக மாதம் 300 யூரோ உண்டு. வருமானம் குறைவு என்றால் அதற்கு மேலும் தருகிறார்கள். மதிப்பெண் மட்டும் போதாது, சமூகப் பணிக்குச் சான்று கேட்பார்கள். அந்தக் கடிதங்களை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.