வேட்டைக்கும் தொலைதூரச் சுடுதலுக்கும் ஒரே ரைஃபிள்: எந்த ஸ்கோப் மவுண்ட் வாங்கலாம்?

கேட்டவரிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 50 மி.மீ. முன்கண்ணாடியும் 30 மி.மீ. குழாயும் கொண்ட ஸ்கோப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டார். 200 மீட்டருக்குள் வேட்டை, 900 மீட்டர் வரை இலக்குச் சுடுதல். இரண்டுக்கும் ஒரே மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் பிடிப்பு) போதுமா, எதை வாங்குவது என்பது கேள்வி.

போதும். ஆனால் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று 0.1 மி.மீ., அதாவது ஒரு வெள்ளைத்தாளின் கனம் அளவுக்கு நகர்ந்தால் 1 மில்லிரேடியன் கோணம் மாறிவிடும். 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும், 900 மீட்டரில் 90 செ.மீ. மவுண்ட்டில் கை வைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனதில் ஓடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. ஒரு பருவம் முழுக்க என் ரைஃபிள் ஜீரோவில், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்த நிலையில், நிற்கவில்லை. தோட்டாவை மாற்றினேன், மூச்சைக் குறை சொன்னேன், ஸ்கோப்பைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பினேன். குறை எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் பேஸை, அதாவது ரிங்குகளுக்கு அடியில் ரைஃபிளில் திருகியிருக்கும் துண்டை, கழற்றியபோதுதான் புரிந்தது. முன்பக்கத் திருகு தேவைக்கு மேல் நீளம். அதன் நுனி துளையின் அடியில் முட்டி நின்றதால் கைக்கு இறுக்கமாகத் தெரிந்ததே தவிர, பேஸை அது அழுத்திப் பிடிக்கவே இல்லை. ஒரு சுற்று நீளம் குறைத்ததும் எல்லாம் சரியானது. அன்றிலிருந்து எந்தப் பேஸை மாட்டினாலும் ஒவ்வொரு திருகாகத் தனித்தனியே இறுக்கி, அது ஒன்றே பேஸை அசையாமல் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இனி தேர்வு. உங்கள் ரிசீவரின் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) மேற்பகுதி எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. டிக்கா டி3 போன்ற சிலவற்றில் ரிசீவரிலேயே 17 மி.மீ. டவ்டெயில் (ரிங் பற்றிக்கொள்ளும் சரிந்த விளிம்பு) கடைந்திருக்கும், அதற்கென்றே ரிங்குகள் உண்டு. மற்றவற்றில் ரெயில் ஒன்றை, அதாவது குறுக்குப் பள்ளங்கள் உள்ள பட்டையை, பேஸாகத் திருகிப் பொருத்த வேண்டும். அங்கே பிக்காட்டினி வகை ரெயிலையே எடுங்கள். 1995-இல் அமெரிக்க ராணுவத் தர அளவாக வந்தது அது. ஒவ்வொரு பள்ளமும் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. பழைய வீவர் வகையில் பள்ளம் 4.57 மி.மீ.தான், இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும், பிக்காட்டினி ரிங் வீவரில் பெரும்பாலும் உட்காராது.

அடுத்து ரெயிலின் சரிவு. இரண்டு வேலைக்கும் ஒரே ரைஃபிள் என்பவர்களுக்கு மிக முக்கியமானது இதுதான். 100 மீட்டரில் ஜீரோ செய்த .308, 900 மீட்டரை எட்ட ஏறத்தாழ 35 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) மேலே ஏற்ற வேண்டும், தோட்டாவைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கூடலாம். உங்கள் ஸ்கோப்பின் மொத்த எலிவேஷன், அதாவது குறியை மேலும் கீழும் நகர்த்தும் வரம்பு, 60 எம்ஓஏ என்றால் நடுவிலிருந்து மேலே 30தான் கிடைக்கும். சமதள ரெயிலில் டரட் (குறியை ஏற்றி இறக்கும் திருகுக் குமிழ்) 900 மீட்டரை எட்டும் முன்பே நின்றுவிடும். 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயில் போட்டால் மேலே சுமார் 50, கீழே சுமார் 10 மிஞ்சும். 100 மீட்டர் ஜீரோவும் கெடாது, வேட்டைக்கு எந்த இழப்பும் இல்லை. இன்னும் அதிகம் இருக்கட்டுமே என்று 40 எம்ஓஏ ரெயிலுக்குப் போகாதீர்கள். இந்த ஸ்கோப்பை 100 மீட்டருக்கு இறக்கவே முடியாமல் போகும். ஸ்கோப்பின் கையேட்டில் மொத்த எலிவேஷன் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ரெயிலை வாங்குங்கள்.

ரிங்கின் உயரத்தை ஊகத்தில் வாங்கவே கூடாது. 50 மி.மீ. முன்கண்ணாடி என்றால் வெளிவிட்டம் 57 மி.மீ. அளவில் இருக்கும், அதில் பாதி 28.5. முன்கண்ணாடி வரும் இடத்தில் ரெயிலின் மேல்மட்டம் துப்பாக்கிக் குழலைவிட 8 மி.மீ. உயரம் என்றால், ரெயிலிலிருந்து ஸ்கோப் மையம் வரை குறைந்தது 20.5 மி.மீ. வேண்டும். மூடிக்கு இடம்விட்டு 24 மி.மீ. எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: சில தயாரிப்பாளர்கள் உயரத்தைக் குழாயின் மையம் வரை சொல்கிறார்கள், சிலர் குழாயின் அடிப்பகுதி வரை மட்டும். 30 மி.மீ. குழாயில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 15 மி.மீ. எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்பதைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் சாயும் கட்டை) வையுங்கள். கண்ணைத் திறந்ததும் முழுப் படமும் தெரிய வேண்டும். கழுத்தை நெரித்துக்கொண்டோ தலையைத் தூக்கிக்கொண்டோ தேட வேண்டியிருந்தால், விலங்கு எதிரே நிற்கும் அந்த இரண்டு நொடியில் எதுவும் நடக்காது. தேவைப்பட்டால் ஸ்டாக்கில் கன்னத் திண்டு ஏற்றிக்கொள்ளலாம். போல்ட் கைப்பிடி ஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைக்கும் முனை) இடிக்கவில்லையா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

ஒற்றைத் துண்டு மவுண்ட்டா, தனித்தனி ரிங்குகளா? உங்களுக்குத் தனி ரிங்குகளே போதும் என்பது என் கருத்து. ஒற்றைத் துண்டில் இரண்டு ரிங்குகளும் பிறவியிலேயே ஒரே நேர்கோட்டில் இருக்கும், அது பெரிய நன்மை. ஆனால் எடை கூடும், மேலிருந்து தோட்டா போடும் ரைஃபிளில் கைக்கு வழியும் குறையும். ஆகவே என் தேர்வு: ஒரே துண்டான எஃகு ரெயில், அதன் மேல் 7075 எனும் உறுதியான அலுமினியக் கலவையில் செய்த ரிங் இரண்டு. மலையேறும் வேட்டைக்கும் இது சுமையாகாது. கழற்றி மாட்டும் வகை, ரைஃபிளின் சொந்த இரும்புக் குறியையும் (ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கும் அமைப்பு) பயன்படுத்துபவர்களுக்கு நல்லது. வாங்கினால் பத்து முறை கழற்றி மாட்டிச் சுட்டு, ஜீரோ திரும்புகிறதா என்று நீங்களே சோதியுங்கள்.

பொருத்துவதற்கு முன் ரைஃபிள் காலிதானா என்று பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ரிங்குகளை ரெயில் பள்ளத்தில் குழல் பக்கமாகத் தள்ளிவைத்து இறுக்க வேண்டும். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாயும், ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். முன்பே பள்ளத்தின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் அது நகர இடமில்லை. ரிங் மூடித் திருகுகள் பொதுவாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரைதான், தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) இல்லாமல் இறுக்காதீர்கள். கையின் பலத்தில் ஸ்கோப் குழாய் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) பேஸ் திருகுகளுக்கு ஒரு சொட்டு. ரிங் மூடித் திருகுகளுக்கு நான் போடுவதில்லை, ஈரமான மரைக்கு அதே டார்க் அதிக அழுத்தம் தரும்.

குறுக்குக்கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பாருங்கள். 10 மில்லிரேடியன் ஏற்றிச் சுடும் தூரத்தில் 1 டிகிரி சாய்ந்திருந்தாலே 1000 மீட்டரில் குண்டு 17 செ.மீ. பக்கவாட்டில் போகும். 200 மீட்டர் வேட்டையில் இது கண்ணிலேயே படாது. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் சாய்ந்த ஸ்கோப்போடு சுடுகிறார்கள், முதன்முதலில் தொலைதூர மைதானத்துக்குப் போகும் நாளில் காற்றைக் குறை சொல்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலும் ரிங்கிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் அந்தத் திருகு நகர்ந்திருக்கிறது. முதல் இருபது குண்டுகளுக்குப் பிறகு ஒருமுறை, ஒவ்வொரு வேட்டைப் பருவத்துக்கு முன்பும் ஒருமுறை நான் பார்ப்பது அதைத்தான்.