ஆட்டோபைலட்டை எப்போது எடுக்கலாம்?

கேள்வி: ஓராண்டாக ஏர்பஸ் ஏ320-இல் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன். கிளம்பிய சற்று நேரத்திலேயே ஆட்டோபைலட் போட்டுவிடுகிறோம். இறங்கும்போது ஓடுபாதை நெருங்கிய பிறகுதான் எடுக்கிறோம். கை மறந்துவிடுமோ என்று கவலை. கையால் ஓட்டட்டுமா என்று கேப்டனிடம் கேட்கவும் தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: கவலை நியாயம்தான். ஆனால் முதலில் மறப்பது கை இல்லை. 2014-இல் வெளியான ஒரு நாசா ஆய்வில் 16 விமானிகளை போயிங் 747 சிமுலேட்டரில் (தரையில் இருக்கும் பயிற்சி இயந்திரத்தில்) ஓட்டவைத்துப் பார்த்தார்கள். கைப்பழக்கம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மனக்கணக்கில்தான் தடுமாறினார்கள். வரைபடத் திரை இல்லாமல் எங்கே இருக்கிறோம் என்று சொல்வது, அடுத்து செய்ய வேண்டியதை முடிவெடுப்பது, பழுதான கருவியைக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் துருப்பிடித்திருந்தன.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்து வேகக் கணக்கு குழம்பியது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானத்தில் வேறு பெரிய கோளாறு இல்லை. ஆனால் கட்டுப்பாட்டில் இருந்தவர் மூக்கைத் தூக்கினார், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்கான எச்சரிக்கை கத்தியும் தூக்கியே பிடித்திருந்தார். நாலரை நிமிடத்துக்குள் 228 பேர் போய்விட்டார்கள். ஸ்டிக்கை இழுக்கும் பலம் கையில் இருந்தது. 'இந்த உயரத்தில், இந்த த்ரஸ்ட்டுக்கு (என்ஜின் உந்துவிசைக்கு) மூக்கு எங்கே இருக்க வேண்டும்' என்ற எண் மனதில் எழவில்லை. உங்கள் விமானத்தில் அந்த எண்கள் எளிமையானவை: வேகத்தை நம்ப முடியாதபோது, 10,000 அடிக்கு மேல் மூக்கு 5 டிகிரி தூக்கி, கிளைம்ப் த்ரஸ்ட் (மேலேறும்போது வைக்கும் உந்துவிசை). அதற்குக் கீழே, கிளம்பும்போது கொடுத்த த்ரஸ்ட்டைக் குறைத்த பிறகென்றால் 10 டிகிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆட்டோபைலட் ஓட்டும்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருங்கள். 30,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய 90 கடல் மைல், வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். தரைவேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 700 அடி, அதுதான் மூன்று டிகிரி சரிவு. கணினி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் தப்பு என்று தேடுங்கள். பெரும்பாலும் நாம்தான், சில நாள் கணினிக்கு நாம் கொடுத்த எண். திரையின் மேற்பகுதியில் ஆட்டோபைலட்டின் மோடு (இயங்கும் முறை) மாறும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வதையும் சடங்காக்கிவிடாதீர்கள்.

சரி, கையால் ஓட்டுவது. உங்கள் நிறுவன விதிப்புத்தகம் எதை அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டுப்பாடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 29,000 அடிக்கு மேல் ஆர்.வி.எஸ்.எம். வான்வெளியில் (விமானங்களுக்கிடையே உயர இடைவெளி குறைக்கப்பட்ட பகுதியில்) உயரத்தைத் தானாகப் பிடிக்கும் கருவி வேண்டும், அங்கே இந்தப் பேச்சே இல்லை. கிளம்பி 10,000 அடி வரை, வானம் தெளிவாக, போக்குவரத்து குறைவாக உள்ள நாள் தோது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே 2013-இல், உகந்த சமயங்களில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஒன்று: ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கணினி திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டர் கோடுகளை மட்டும் துரத்தினால், கை உங்களுடையது, யோசனை இன்னும் கணினியுடையது. அனுமதி இருந்தால் அதையும் அணைத்துப் பழகுங்கள்.

கேப்டனிடம் எப்படிக் கேட்பது? காக்பிட்டில் உட்கார்ந்த பின் திடீரென்று கேட்காதீர்கள். நீங்கள் கையால் ஓட்டினால் அவர் பக்கம் வேலை கூடும், அதனால் தயங்குவார். கிளம்பும் முன் பிரீஃபிங்கிலேயே சொல்லுங்கள்: "இன்று வானிலை நன்றாக இருக்கிறது, 10,000 அடி வரை கையால் ஓட்டிப் பார்க்கட்டுமா? உங்களுக்கு வேலை கூடினால் உடனே ஆட்டோபைலட் போட்டுவிடுகிறேன்." இப்படிக் கேட்ட இளையவர்களிடம் கேப்டனாக நான் வேண்டாம் என்றது மிகச் சில முறைதான், அதுவும் மழை நாளில்.

கேட்கத் தயங்குவது சின்ன விஷயம் இல்லை. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விமானம் ஓடுபாதைக்கு முன்னுள்ள கடற்சுவரில் மோதியது, மூன்று பேர் இறந்தார்கள். அன்று சரிவு காட்டும் கருவி பணிகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. என்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள், அந்த மோடில் அது பார்க்காது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை இறங்கியது. கண்பார்வையில் இறங்குவது தனக்கு மிகவும் பதற்றமாக இருந்ததாக ஓட்டியவர் பின்னர் விசாரணையில் சொன்னார். மற்றவர்கள் அப்படித்தானே இறங்குகிறார்கள், நான் மட்டும் முடியாது என்பதா என்று வாய் திறக்கவில்லையாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கையால் ஓட்டும்போது உயரமோ வேகமோ சற்று விலகி, தரவுப் பதிவில் சிக்கினால் என்ன ஆகும்? பாதுகாப்புப் பிரிவில் இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள். நேர்மையான தவறைச் சொன்னவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று மூத்த ஃபர்ஸ்ட் ஆபீசர்களிடமும் விசாரியுங்கள், சுவரில் ஒட்டிய கொள்கையை விட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால், சிமுலேட்டர் பயிற்சியில் மிச்சமாகும் பத்து நிமிடங்களைப் பயிற்றுநரிடம் கேட்டு வாங்குங்கள். ஆட்டோ த்ரஸ்ட்டும் (ஏர்பஸ்ஸில் ஆட்டோ த்ராட்டிலின் பெயர்) ஃப்ளைட் டைரக்டரும் இல்லாமல் ஒரு இறக்கம், வேகம் காட்டாமல் ஒன்று. அங்கே எவ்வளவு விலகினாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.