வீட்டை அடகு வைக்காமல் லத்தீன் படிக்கலாம்

அக்கா, நேற்று தொலைபேசியில் நீங்கள் அழுதது இன்னும் காதில் நிற்கிறது. மகளின் ஏ லெவல் பெறுபேறு நல்லது. ஆனால் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான யூகேட்டில் புள்ளி குறைந்ததால் நான்கு மருத்துவக் கல்லூரிகளும் மறுத்துவிட்டன. இப்போது லண்டன் வீட்டின் மேல் கடன் எடுத்துப் பல்கேரியாவுக்கு அனுப்பச் சொல்கிறார் பெரியப்பா. வேண்டாம். ஆறு வருடப் படிப்பு அது. அதற்கு இங்குள்ள மாணவர் கடன் கிடையாது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளை அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உயிரியல் கொப்பியின் பின்பக்கங்களில் இடப்புறம் லத்தீன், வலப்புறம் தமிழ். எல்லாம் புப்லிலியுஸ் சைரஸ் சொன்னவை. சிரியாவிலிருந்து ரோமுக்கு அடிமையாக வந்து, நாடகக்காரராகி, கி.மு. 46இல் சீசர் நடத்திய விழாவில் பரிசு வென்றவர். நாடகங்கள் அழிந்துபோயின. அவற்றின் ஒற்றை வரிகள் மட்டும், நம் ஆத்திசூடி போல முதலெழுத்து வரிசையில், பள்ளிப் பாடமாகப் பிழைத்தன. "மாற்ற முடியாத முடிவு கெட்ட முடிவு" என்ற வரிக்குக் கீழே, "லத்தீனில் ஏழு சொல், குறளில் ஏழு சீர்" என்று பென்சிலில் குறித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல இது.

"பள்ளிக்கூடத்தில் லத்தீனே இல்லையே" என்றீர்கள். அதனால் கதவு மூடவில்லை. கேம்பிரிட்ஜில் கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்க, ரோம மொழி இலக்கியப் படிப்பு, லத்தீன் தெரியாதவர்களுக்கென்றே நான்கு வருடமாகவும் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க லத்தீனைப் பிடித்துக்கொள்ளத்தான், கிரேக்கம் அப்புறம். இடம் கிடைப்பது கஷ்டம், மறைக்கமாட்டேன். ஆனால் லண்டனிலேயே கிங்ஸ் கல்லூரியிலும் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் என்ற யூசிஎல்லிலும் அரிச்சுவடியிலிருந்து லத்தீன் தொடங்கலாம். வீட்டிலிருந்து போய்வந்தால் அறை வாடகை மிச்சம். 2025-26இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட். அதை மாணவர் கடனே கட்டும். அவள் வருடம் 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான், அந்த மேல் தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் வீட்டை யாரும் தொடமாட்டார்கள்.

வேலையா? லத்தீன் ஆசிரியராகலாம். சட்டம் பிடித்தால், எந்தப் பட்டம் முடித்தவரும் எஸ்கியூஈ என்ற தகுதித் தேர்வுகளும் இரண்டு வருட வேலைப் பயிற்சியும் முடித்துச் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், ஆகலாம். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன்.

கேம்பிரிட்ஜுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற இரண்டுக்கும் ஜனவரி வரை நேரமிருக்கிறது. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் கொப்பியோடு.