வயிற்றுக்குள் பிள்ளை மூச்சு விடுவது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வாங்கில் குந்தியிருந்தால் இந்தக் கேள்வி காதில் விழும்: "தண்ணிக்குள்ள கிடக்கிற பிள்ளை எப்பிடி மூச்செடுக்குது?"

மூக்கால் எடுப்பதில்லை. தாய் இழுக்கும் மூச்சில் வரும் ஒட்சிசன்தான் பிள்ளைக்கும். அதைக் கைமாற்றுவது நச்சுக்கொடி. பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம் என்பார்கள். கருப்பைச் சுவரில் ஒட்டி வளரும், தட்டுப் போன்ற உறுப்பு. மாதம் நிறையும்போது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அதிலிருந்து பிள்ளைக்குப் போகும் தொப்புள்கொடி சுமார் 50 சென்ரிமீற்றர். குறுக்கே வெட்டினால் 3 குழாய் வாய் தெரியும்: ஒன்று சத்தும் ஒட்சிசனும் கொண்டுவர, இரண்டு கழிவைத் திருப்பி அனுப்ப.

நச்சுக்கொடிக்குள் பிள்ளையின் இரத்தக் குழாய்கள் வேர்போலக் கிளைவிட்டு, தாயின் இரத்தத்தில் தோய்ந்து நிற்கும். நடுவில் மெல்லிய சவ்வு. எங்கட ஊர் ஓலை வேலியை நினையுங்கள். வேலிக்கு மேலால் கறிக்கிண்ணம் அங்காலே போகும், வெறுங்கிண்ணம் இங்காலே வரும். ஆட்கள் அவரவர் வளவுக்குள்தான். அப்படித்தான் ஒட்சிசன், சீனிச்சத்து, இரும்புச்சத்து எல்லாம் போக, காபனீரொட்சைட்டு திரும்பி வருகிறது.

இந்த வேலி எல்லாவற்றையும் மறிக்காது. வெற்றிலையோடு சப்பும் புகையிலையின் நிக்கொட்டினும் கடந்து போகும்.

"தாயின்ர இரத்தம்தானே பிள்ளையில ஓடுது" என்பது பிழை. பிள்ளை தன் இரத்தத்தைத் தானே உண்டாக்குகிறது, அதனால்தான் தாயின் இரத்தம் ஓ வகையாக இருக்க, பிள்ளை பி வகை இரத்தத்தோடும் பிறக்கலாம்.