குளவி கொட்டினால் எங்கே ஓடுவது? அதை எழுதுங்கள்

கேள்வி: ஹட்டனில் சிறிய தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிறோம். மாதம் இரண்டு நலக் குறிப்புகள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதைப் பார்த்து வந்தோம் என்று ஒரு நோயாளிகூடச் சொன்னதில்லை. எப்படி எழுதினால் ஆட்கள் வருவார்கள்?

பதில்: நீங்கள் அனுப்பிய குறிப்புகளை வாசித்தேன். நீரிழிவு தினம், இதய தினம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் அப்படியே கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் பொருந்தும்.

கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். ஒரு வாரம் ஆட்கள் கேட்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறிக்கட்டும். "சுகர் பார்க்க வெறும் வயித்தில வரணுமா?" இதுதான் தலைப்பு. பதில் முதல் வரியிலேயே வரட்டும்: ஆமாம், 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். விடியற்காலைச் சாயத்தண்ணியும் (பால் சேர்க்காத தேநீர்) கூடாது என்பதைக் கட்டாயம் சேருங்கள். அது தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்த அம்மா திரும்பிப் போகவேண்டி வரும்; அன்றைய பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், போய்விடும். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், வாசிக்கிறவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அவர். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்காகத் தேடுகிறார். டொக்டர் எந்த நாள் வருவார், எவ்வளவு ஆகும், கிளினிக் கொப்பி கொண்டுவர வேண்டுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கட்டணத்தை மறைக்காதீர்கள். தொகை தெரியாததால்தான் பலர் வாசல்வரை வரவே தயங்குகிறார்கள்.

முதலில் குளவி கொட்டுவதைப் பற்றி எழுதுங்கள். கொழுந்து மலையில் எல்லோரும் பயப்படும் விஷயம் அது. உதடு, முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நிறையக் கொட்டியிருந்தால், ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைப் பிறகும் பாதிக்கலாம். சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போவது அதன் அடையாளம். இரவில் உங்களிடம் டொக்டர் இல்லையென்றால் அதை வெளிப்படையாக எழுதி, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு நோயாளியை இழப்பதாக நினைக்க வேண்டாம். ஆபத்தில் சரியான இடத்துக்கு அனுப்பியவர்களிடம்தான் அந்தக் குடும்பம் அடுத்த முறை பிரஷர் பார்க்க வரும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். குணமானவரின் படத்தையோ கதையையோ அவர் சம்மதமில்லாமல் போடாதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் போதாது. தோட்டத்து டிவிஷனையும் வயதையும் சொன்னாலே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரென்று தெரிந்துவிடும்.

எழுதியதை டொக்டர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்புங்கள். கூடவே இரண்டு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பாட்டிக்கும் அது போய்ச் சேரும்.